கூடு மாறியும் தீராத வழக்கு

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொடர், 1969 ஜூன் 3 அன்று தன் 79ஆவது பகுதியோடு முடிவுற்றது. மூன்றாம் பருவத்தின் இறுதிப் பகுதியாகவும் மூலத்தொடரின் இறுதிப் பகுதியாகவும் ஒருசேர அமைந்துவிட்ட அதன் பெயர் ‘டர்ன்அபவுட் இன்ட்ரூடர்’. அறிபுனை ஆர்வலர் பலரும் அதனை அத்தொடரின் மோசமான பகுதிகளுள் ஒன்றாகவே எண்ணி வந்திருக்கின்றனர். அத்தீர்ப்போடு நமக்குப் பிணக்கில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணங்களோடு சிறிது பிணக்குண்டு. மூன்றாம் பருவத்தில் செலவைக் குறைத்துவிட்டார்கள், வெள்ளி இரவு 10 மணி என்னும் ஆளில்லாத நேரத்திற்குத் தள்ளிவிட்டார்கள், தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரி அன்றாடப் பொறுப்பிலிருந்து ஒதுங்கிவிட்டார் என்பன வழக்கமாகச் சொல்லப்படுபவை. அத்தனையும் உண்மையே. ஆனால் அட்டைப் பாறைகளும் வண்ணம் பூசிய வானமும் முதல் பருவத்திலேயே இருந்தன; அவற்றை நாம் மனமுவந்து பொறுத்துக்கொண்டோம். இறுதிப் பகுதியைப் பொறுக்க முடியாமைக்குக் காரணம் வேறு. நியாயமான ஒரு கேள்வியை அது தானே எழுப்புகிறது. பின்பு, கேட்டவளைப் பித்துப் பிடித்தவள் என்று காட்டிக் கேள்வியைப் புதைத்துவிடுகிறது.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முடிவைப் பற்றித் தமிழ் இலக்கியம் கற்பிப்போர்க்கு என்ன கவலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். 1980களில் தூர்தர்ஷன் வழியாக இத்தொடர் நம் வீடுகளுக்கும் வந்தது என்பது ஒரு விடை. மற்றொரு விடை இன்னும் நெருக்கமானது: இறுதிப் பகுதியின் கதைக்கரு, கூடு விட்டுக் கூடு பாய்தல். சித்தர் மரபிலும் விக்கிரமாதித்தன் கதைகளிலும் பெரியபுராணத்திலும் ஊறியவர்களுக்கு இதைவிடப் பழகிய கரு வேறில்லை. ஆகவே இதைப் பற்றிப் பேச நமக்கும் உரிமையுண்டு என்று கருதுகிறோம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எண்டர்பிரைஸ் என்னும் விண்கலத்தின் தலைவன் ஜேம்ஸ் கிர்க். அவனோடு முன்னொரு காலத்தில் பயின்றவள், அவனை நேசித்தவள், ஜானிஸ் லெஸ்டர். கேமஸ் என்னும் கோளில் ஆய்வுக் குழுவொன்றை வழிநடத்தும் அவள், அழிந்துபோன பழங்குடியொன்று விட்டுச்சென்ற கருவியைக் கண்டெடுக்கிறாள். இருவரின் உயிரை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றவல்ல கருவி அது. அதைக் கொண்டு கிர்க்கின் உடலுக்குள் தான் புகுந்து, அவனைத் தன் உடலுக்குள் தள்ளிவிடுகிறாள். கிர்க்கின் உருவில் கலத்திற்கு வந்து தலைமை இருக்கையில் அமர்கிறாள். லெஸ்டரின் உருவில் சிறைப்பட்ட கிர்க், தான் யாரென்று பிறர்க்கு உணர்த்தப் போராடுகிறான். ஸ்பாக் தன் மனத்தால் அவன் மனத்தைத் தொட்டு உண்மையை அறிகிறான். விசாரணை நடக்கிறது, மரண தண்டனை விதிக்கப்படுகிறது, கலத்தோர் கீழ்ப்படிய மறுக்கின்றனர். இறுதியில் மாற்றம் தானே தளர்ந்து, உயிர்கள் தத்தம் உடல்களுக்குத் திரும்புகின்றன.

இக்கதையின் தொடக்கத்திலேயே அந்த உரையாடல் வருகிறது. விண்கலத் தலைவர்களுடைய உன் உலகத்தில் பெண்களுக்கு இடமில்லை, அது நியாயமில்லை என்னும் பொருள்பட லெஸ்டர் சொல்கிறாள். கிர்க் மறுக்கவில்லை, நியாயமில்லைதான் என்று ஒப்புக்கொள்கிறான். அவள் சொன்னதற்கு இருவகையாகப் பொருள் கொள்ளலாம் என்பார் உண்டு. பெண்களைத் தலைவராக்க விதி இடம் தரவில்லை என்பது ஒன்று. தலைவனாக வாழும் உன் வாழ்க்கையில் ஒரு பெண்ணுக்கு இடமில்லாமற் போயிற்று என்பது மற்றொன்று. இரண்டாம் பொருளைப் பற்றிக்கொண்டு தொடரைக் காப்பாற்ற முயல்வோரின் நல்லெண்ணத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும் என்பது நம் உரைகாரர்கள் கற்றுத் தந்த நெறி. காதலன் கிடைக்கவில்லை என்று வருந்துபவள் அவனுடைய இருக்கையைக் கைப்பற்ற வேண்டியதில்லை. லெஸ்டர் அடைய விரும்புவது தலைமைப் பதவியை. கதை முழுவதும் அதைத்தான் சொல்கிறது. ஆகவே முதற்பொருளே இங்குப் பொருந்துவது.

நியாயமில்லை என்று நாயகனே ஒப்புக்கொண்ட பிறகு, கதை அந்த அநியாயத்தை ஒருகணமேனும் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அதற்கான வேலையைக் கதாசிரியர்கள் முன்கூட்டியே செய்துவிட்டார்கள். தன் ஆய்வுக் குழுவினரைச் சாகவிட்டவள் லெஸ்டர் என்று அமைத்துவிட்டார்கள். வழக்காடுபவளைக் கொலைகாரியாக்கிவிட்டால், வழக்கை யாரும் கேட்க வேண்டியதில்லையன்றோ?

இதனினும் ஆழமான பிழையொன்று கதையின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. கூடு பாயும் கதையின் சிறப்பு, உடலையும் உயிரையும் பிரித்துக் காட்டுவதுதான். எது உடலால் வந்தது, எது உள்ளத்தால் வந்தது என்று சோதித்துப் பார்க்க அது இடம் தருகிறது. இங்கு நடந்த சோதனையின் முடிவைப் பாருங்கள். பெண்ணுடலுக்குள் இருக்கும் கிர்க் நிதானமாகப் பேசுகிறான். கட்டப்பட்ட நிலையிலும் தெளிவாகச் சிந்திக்கிறான். ஸ்பாக்கின் நம்பிக்கையைப் பெறுகிறான். ஆணுடலுக்குள் இருக்கும் லெஸ்டர் கத்துகிறாள், கைகளால் மேசையைக் குத்துகிறாள், முகம் சிவக்கிறாள், எதிர்த்தோரையெல்லாம் கொல்லத் துணிகிறாள். பெண்ணின் உடல் தலைமைக்குத் தடையன்று என்பதைக் கதை தன்னையறியாமல் மெய்ப்பித்துவிடுகிறது. பெண் வடிவில் நின்றவர் சொல்லை நம்பித்தானே ஸ்பாக் கலகக் குற்றத்தையும் ஏற்கத் துணிந்தான்? அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? பெண்ணின் மனத்தில் என்று கதை விடை தருகிறது. உடல் வலிமை போதாது என்று சொல்லும் பழைய வாதத்தையாவது அளந்து பார்த்து மறுக்கலாம். மனமே தகுதியற்றது என்னும் வாதத்திற்கு அளவுகோல் ஏது?

நடிகர்களைக் குறை சொல்வதும் முறையன்று. லெஸ்டரின் உடலுக்குள் இருக்கும் கிர்க்காக நடித்த சான்ட்ரா ஸ்மித், நிமிர்ந்த நடையும் அடங்கிய குரலுமாக ஒரு தலைவரை நம் கண்முன் நிறுத்துகிறார். அக்காட்சிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்பவர்க்கு, இவர் ஏன் தலைவராகக் கூடாது என்னும் எண்ணமே மேலோங்கும். கதைக்கு எதிராக நடிப்பே சாட்சி சொல்லும் அரிய இடம் அது.

‘1969இல் எடுத்த கதையை இன்றைய கண்ணால் அளக்கலாமா?’ என்னும் எதிர்வாதம் எழும். காலத்தின் எல்லைக்குள் நின்றே இதற்கு விடை சொல்லலாம். ராடன்பெரி 1964இல் உருவாக்கிய முதல் முன்னோட்டப் படமான ‘தி கேஜ்’ என்பதில், கலத்தின் இரண்டாம் நிலைத் தலைவர் ஒரு பெண். ‘நம்பர் ஒன்’ என்று மட்டுமே அழைக்கப்பட்ட அவர், தலைவன் சிறைப்பட்டபோது கலத்தின் பொறுப்பை ஏற்கிறார், பதறவுமில்லை, கதறவுமில்லை. நிலையத்தார் அந்த முன்னோட்டத்தை ஏற்கவில்லை. இரண்டாம் முன்னோட்டத்தில் அப்பாத்திரமே இல்லாமற் போயிற்று. பெண்ணை அத்தகைய பதவியில் காண அவர்கள் விரும்பவில்லை என்று ராடன்பெரி பின்னாளில் சொல்லிவந்தார். எதிர்ப்பு பாத்திரத்திற்கன்று, நடிகையின் தேர்வுக்கே என்று கூறியவர்களும் உண்டு. எவ்வாறாயினும், பெண் தலைமையை 1964இல் எண்ணிப் பார்க்க முடிந்தது. எண்ணிப் பார்த்தவர் ராடன்பெரி. இறுதிப் பகுதியின் கதைக்கு உரியவராகப் பெயர் பொறிக்கப்பட்டிருப்பவரும் அவரே. திரைக்கதையை எழுதியவர் ஆர்தர் சிங்கர்.

மேலும் ஒன்று. ‘நம்பர் ஒன்’னாக நடித்தவர் மேஜல் பேரட். தொடரில் பின்பு அவருக்குக் கிடைத்தது செவிலியர் சாப்பல் என்னும் வேடம். இறுதிப் பகுதியிலும் அவர் மருத்துவப் பிரிவில் செவிலியராகத்தான் நிற்கிறார். முதல் முன்னோட்டத்தில் கலத்தையே நடத்தியவர், பெண்ணால் கலத்தை நடத்த முடியுமா என்னும் வழக்கு நடக்கும் நாளில் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். தொடரின் முதன்மைப் பெண் பாத்திரமான உஹூராவோ, நிச்செல் நிக்கல்ஸ் நடித்த அந்தத் தகவல் அதிகாரியோ, அன்று கலத்திலேயே இல்லை. அந்தப் பகுதியில் நிக்கல்ஸ் நடிக்கவில்லை. ‘எனக்கு இடமில்லை’ என்று லெஸ்டர் முறையிடும்போது, இடம் பெற்ற ஒரு பெண்ணைக் காட்டி மறுக்கக்கூட அங்கு ஆளில்லாமற் போயிற்று.

தொடருக்கு வெளியே இருந்த உலகத்தையும் பார்க்கலாம். இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்க 1960இலேயே பிரதமரானார். வாலன்டினா தெரெஷ்கோவா 1963 ஜூனில் தனியொருவராக விண்கலத்தில் பூமியைச் சுற்றி வந்தார். தொடர் தொடங்கிய 1966ஆம் ஆண்டின் ஜனவரியில் இந்திரா காந்தி பிரதமராகி, இறுதிப் பகுதி ஒளிபரப்பான நாளிலும் அப்பதவியிலேயே இருந்தார். கோடிக்கணக்கான மக்களை ஆளும் பொறுப்பை ஒரு பெண்ணிடம் தந்திருந்த உலகத்தில், ஏறத்தாழ 430 பேர் பயணம் செய்யும் கற்பனைக் கலமொன்றைத் தர 23ஆம் நூற்றாண்டிலும் மனம் வரவில்லை. எதிர்காலத்தைக் கற்பனை செய்வதே தன் தொழில் எனக் கொண்ட ஒரு தொடர் நிகழ்காலத்திற்கும் பின்தங்கிவிட்டது. நம் ஏமாற்றத்தின் வேர் இதுதான்.

இனி நம் மரபின் பக்கம் வருவோம். பழிவாங்க உடல் மாறிய பெண்ணுக்கு நம்மிடமும் ஒரு கதை உண்டு. வீடுமனால் கவர்ந்து செல்லப்பட்டு, சாலுவனால் ஏற்கப்படாமல், வீடுமனாலும் மணக்கப்படாமல் நின்ற அம்பை, தவமிருந்து மறுபிறவி எடுத்துச் சிகண்டியாக வந்து அவன் வீழ்ச்சிக்குக் காரணமாகிறாள். லெஸ்டரின் கதையோடு இதை அடுக்கிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அம்பையின் சினம் நியாயமானது என்பதைப் பாரதம் மறைக்கவில்லை. அவளுக்காகப் பரசுராமன் வீடுமனோடு போரிடுகிறான். வீடுமன் தன் சபதத்தைக் காத்தவன், அறத்தில் நின்றவன். ஆயினும் அவன் செய்த அநியாயம் அவனைத் தேடி வருகிறது. நாயகன் நல்லவன் என்பதற்காக வழக்குத் தள்ளுபடியாகவில்லை. நம் சிற்றூர்களில் பாரதக் கூத்துப் பார்க்கும் எளிய மக்கள் அம்பையைப் பித்தி என்று சொல்லி எழுந்து போவதில்லை.

நம் காரைக்காலின் புனிதவதியார் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் அவ்வூரில் ஆண்டுதோறும் ஆனித் திங்களில் நடக்கும் மாங்கனித் திருவிழா அவர் கதையைத்தான் நடித்துக் காட்டுகிறது. கணவன் தன்னைத் தெய்வமென்று வணங்கி விலகிய பின், அவனுக்காகத் தாங்கிய இந்த அழகிய உடல் இனி வேண்டாம் என்று இறைவனிடம் கேட்டு, தசை கழித்துப் பேய் வடிவம் பெற்றார் என்கிறார் சேக்கிழார். உடலை மாற்றிக்கொண்ட பெண்ணை அக்கதை தண்டிக்கவில்லை. இறைவனே அவரை அம்மை என்று அழைக்கும் உயரத்தில் வைக்கிறது.

நம் மரபு குறையற்றது என்று மார்தட்டுவது நோக்கமன்று. கூடு பாய்தலுக்கு நாம் முதலில் நினைவுகூரும் திருமூலர் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். மேய்ப்பனை இழந்து பசுக்கள் அழுவதைக் கண்டு இரங்கிய யோகியார், சாத்தனூரில் இறந்துகிடந்த மூலன் உடலில் புகுந்தார். பசுக்களின் துயர் தீர்ந்தது. மாலையில் கணவனைத் தேடி வந்த மூலன் மனைவியின் துயரோ தீரவில்லை. தன்னைத் தீண்டலாகாது என்று விலக்கிய அவ்வுருவின் முன் திகைத்து நின்று, மறுநாள் ஊராரிடம் முறையிட்டாள். அவர் நிலையைக் கண்டு தெளிந்த ஊரார் அவளை அழைத்துச் சென்றனர். வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவியர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அவள் பிறகு என்ன ஆனாள்? நூலில் விடையில்லை. ஆனாலும் சேக்கிழார் அவளை வரவழைத்தார், அழவைத்தார், முறையிட வைத்தார். அவள் சொன்னது பொய்யென்றோ பித்தென்றோ எழுதவில்லை. அதனால்தான் இத்தனை நூற்றாண்டுக்குப் பின்னும் வகுப்பறையில் அக்கேள்வி எழ முடிகிறது. விடை சொல்லாத நூலையும் மன்னிக்கலாம், கேள்வியை உயிரோடு விட்டுவைத்திருந்தால்.

பதவி மறுக்கப்பட்ட இடத்தில், அதிகாரம் மற்றொருவரின் கூட்டுக்குள் புகுந்துதான் வெளிப்படும் என்பதற்கு நம் புதுச்சேரியின் வரலாறே சான்று தரும். 1742 முதல் 1754 வரை இங்கு ஆளுநராக இருந்த துய்ப்ளெக்ஸின் மனைவி ழான் அம்மையார் எந்தப் பதவியிலும் இருந்தவரல்லர். ஆனால் ஊர் நிர்வாகத்தில் அவர் கை எங்கெல்லாம் நீண்டது என்பதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பக்கம் பக்கமாகச் சொல்கிறது. பிள்ளைக்கு அவர்மீது கடும் வெறுப்பு. 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதில் அம்மையாரின் பங்கை அவர் வெளிப்படையாகவே குறிக்கிறார். அவ்வெறுப்புக்குக் காரணமில்லாமலில்லை. ஆயினும் நாட்குறிப்பைப் படித்து முடிக்கும்போது நம் முன் நிற்பவர், தமிழறிந்த, ஆளறிந்த, கணக்கறிந்த ஓர் அரசியல்வாதி. அவர் செய்த தீமைகள் அதிகாரத்தில் இருப்போர் செய்யும் தீமைகளாகவே பதிவாகியிருக்கின்றன. பகைவரின் எழுதுகோல் ஒரு பெண்ணுக்குத் தந்த அந்த அளவு மதிப்பைக்கூட லெஸ்டருக்கு அவளைப் படைத்தவர்கள் தரவில்லை. அவள் கெட்டவளாக இருந்திருக்கலாம். திறமையான கெட்டவளாக இருந்திருந்தால், கிர்க்கின் இருக்கையில் ஒருநாள் செம்மையாக அமர்ந்து காட்டியிருந்தால், கலத்தோர் யாருக்குக் கீழ்ப்படிவது என்று உண்மையிலேயே தடுமாறியிருந்தால், இதே கதை தொடரின் தலைசிறந்த பகுதியாகியிருக்கும்.

நல்ல முடிவுக்குத் தொடர் வெகுதொலைவில் இருக்கவுமில்லை. இதற்கு முந்தைய பகுதியான ‘ஆல் அவர் எஸ்டர்டேஸ்’ 1969 மார்ச் 14இல் ஒளிபரப்பாயிற்று. வெடிக்கப்போகும் சூரியனிடமிருந்து தப்ப, ஒரு கோளின் மக்கள் அனைவரும் நூலகம் ஒன்றின் வழியாகத் தத்தமக்குப் பிடித்த கடந்த காலத்திற்குள் சென்று ஒளிந்துகொள்ளும் கதை அது. பனியுகத்தில் தனித்து விடப்பட்ட சாரபெத் என்னும் பெண்ணை நேசித்து, அவளை அங்கேயே விட்டுவிட்டு ஸ்பாக் திரும்ப நேர்கிறது. எழுதியவர் ஜீன் லிசெட் அரோஸ்டே என்னும் பெண்மணி, பல்கலைக்கழக நூலகர். அந்தப் பெரும் பிரிவோடு தொடர் நிறைவுற்றிருந்தால் நாம் இதை எழுத நேர்ந்திராது. இறுதிப் பகுதி மார்ச் 28இல் வரவேண்டியது; முன்னாள் குடியரசுத் தலைவர் ஐசனோவர் அன்று மறைந்ததால் தள்ளிப்போய், இரண்டு மாதங்களுக்கு மேல் கழித்து ஜூனில் வந்தது. வராமலே போயிருந்தாலும் யாருக்கும் நட்டமில்லை.

பின்வந்தோர் இப்பிழையைத் திருத்த முயன்றதை இங்குச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1986இல் வந்த நான்காம் ‘ஸ்டார் டிரெக்’ திரைப்படத்தில் விண்கலமொன்றின் தலைவராக ஒரு பெண் சிறிது நேரம் தோன்றினார். 1995 ஜனவரியில் தொடங்கிய ‘வாயேஜர்’ தொடர், கேத்ரின் ஜேன்வே என்னும் பெண்ணையே நாயகியாகவும் கலத்தலைவராகவும் கொண்டது. அடுத்த மாதமே ஐலீன் காலின்ஸ் விண்வெளி ஓடத்தைச் செலுத்திய முதல் பெண் விமானியானார். 1999 ஜூலையில், லெஸ்டரின் தோல்விக்குச் சரியாக 30 ஆண்டுகளுக்குப் பின், அவரே ஓடமொன்றின் தலைவராகவும் சென்றார். 2012இல் சுனிதா வில்லியம்ஸ் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் தலைமையை ஏற்றார்.

மூலநூலின் பிழையைப் பின்வந்த உரைகள் எவ்வளவு திருத்தினாலும் மூலம் அப்படியேதான் இருக்கும் என்பதை இலக்கியம் பயின்றோர் அறிவர். அப்பகுதியின் இறுதிக் காட்சியில், அழுதுகொண்டு அழைத்துச் செல்லப்படும் லெஸ்டரைப் பார்த்து, எந்தப் பெண்ணின் வாழ்க்கையையும் போல அவள் வாழ்க்கையும் நிறைவாக அமைந்திருக்கலாமே என்று கிர்க் இரங்குகிறான். அவ்விரக்கத்தைக் கேட்கும்போதுதான் நமக்கு மிகுதியாகச் சினம் எழுகிறது. எந்தப் பெண்ணையும் போல வாழ அவள் கேட்கவில்லை. அவனைப் போல வாழத்தான் கேட்டாள். அக்கோரிக்கை நியாயமானது என்று ஒப்புக்கொண்டவனும் அவனே. மூன்றாண்டுகளாக நட்சத்திரங்களுக்கிடையே துணிந்து சென்றுவந்த கலம், அந்த ஒரு கேள்விக்குமுன் துணிவிழந்து நின்றுவிட்டது.